இரண்டு வீட்டு வெயில்

எங்கள் வீட்டு விளக்கு இஷா பாங்கு சொல்வதற்கு முன்பே மங்கிப்போன முதல் நாள், உம்மா எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வீடு.

"டேபிள் ஃபேன் ஓடுத சத்தம் கேக்குதுளா," என்றாள்.

நானும் காதை வைத்துப் பார்த்தேன். மாமா இருமுகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் அது சத்தமே போடாத ஃபேனாக இருக்கும் என்று சொன்னேன். "உனக்கு இப்பவே அந்த வீட்டு மேல பாசம் வந்துட்டு, என்ன?" என்று உம்மா முறைத்தாள்.

அந்த வீட்டுக்குத்தான் நான் வாழப் போவதாக இருந்தது. மாமி என் வாப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அவள் மகனுக்கு என்னைக் கட்டுவதென்று பேசி, பாத்திஹா ஓதி, சீனி வழங்கி முடித்திருந்தார்கள். தாராவியில் லேபர் கேம்ப்பை ஒட்டிய ஒரு குறுகலான சந்தில், கல்லி என்போம், இரண்டு குடும்பமும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் குடியிருந்தோம். புருஷன் வீட்டுக்குப் போக இவள் செருப்புகூட மாட்ட வேண்டாம் என்று கல்லிப் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும். மாமி மகனையும் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

எங்கள் கல்லியில் மீட்டர் கிடையாது. இடம் யாருடையது என்ற வழக்கு கோர்ட்டில் கிடந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஒருவன் திருட்டு ஒயர் இழுத்து, வீட்டுக்கு இத்தனை பல்பு என்று எல்லோருக்கும் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்கள் வந்து அந்த ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி மண்ணெண்ணெய் விளக்கு. அதற்கு ரேஷன் கியூ. மாமாவுக்கு வீட்டிலேயே தோல் பெல்ட் தைக்கிற வேலை. நான் பக்கத்துப் பட்டறையிலிருந்து பை வாங்கிவந்து உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தால் இரண்டு வீட்டிலும் ஊசிக்கண் தெரியாது.

வாப்பாவுக்கு குர்லாவில் பங்கார் கடை. இரும்பு, செம்பு, உடைந்த மெஷின் என்று ஊரிலுள்ள கழிசடையெல்லாம் அங்கே வந்து சேரும். ஒரு நாள் ஒரு சோலார் பிளேட் வந்தது. கப்பலுக்கு வழிகாட்டக் கடலுக்குள்ளே நிற்கிற விளக்கிலிருந்து கழற்றியதாம். ஜன்னல் கதவு அளவு இருந்தது. கண்ணாடிக்கு அடியில் அப்பளம் அப்பளமாக வட்டமான நீலச் சில்லுகள். வெயிலில் வைத்து ஒரு டாக்ஸி பல்பைத் தொட்டால் பல்பு எரிந்தது. வாப்பா அதைக் கைவண்டியில் ஏற்றி, குர்லாவிலிருந்து கூடவே நடந்து வந்தார். வழியெல்லாம் யாராவது திருடிவிடுவார்கள் என்று பயம்.

மாமா சும்மா இருப்பாரா? மச்சான் வீட்டுக் கூரையில் வெளிச்சம் ஏறிவிட்டது என்றால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. அவரிடம் பெல்ட் வாங்கும் செம்பூர்க்காரர் ஒருவர், பரீட்சை பார்ப்பதற்காக மொட்டை மாடியில் வைத்துவிட்டு வேண்டாமென்று கழற்றிப்போட்ட பிளேட் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்துவிட்டார். எங்களுடையதில் பாதி அளவுகூட இருக்காது. சில்லுகள் சின்னதாக, சதுரமாக, நிறம் கொஞ்சம் வெளுத்து இருந்தன.

இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தால் நான் இப்போது வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். மாமிதான் ஆரம்பித்தாள்.

"பிள்ளையளையே சேத்து வைக்கப் போறோம். வெளிச்சம் மட்டும் என்ன உன் வீடு என் வீடு? ஒண்ணாப் போட்டிருங்க," என்றாள்.

அது எங்கள் கல்லியின் வழக்கம்தான். குழாய்த் தண்ணீர் ஒரு வீட்டுக்கு வந்து, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு என்று ஒரே பைப்பில் போகும். கலப்பது என்றால் எங்களுக்கு அதுதான் தெரியும். இரண்டு பிளேட்டும் தகரக் கூரை மேல் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. நல்ல லாரி பேட்டரி ஒன்று வாப்பா கடையிலிருந்து வந்தது. எங்கள் ஒற்றை அறையில் கால் நீட்டவே இடமில்லாததால் பேட்டரியை மாமா வீட்டில், அவர் தோல் வெட்டும் பலகைக்கு அடியில் வைத்தார்கள்.

"பேட்டரி அங்கேயா இருக்கும்?" என்று உம்மா அன்றைக்கே கேட்டாள். அந்தக் கேள்வி வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டதை நான் பார்த்தேன்.

ஒயர் வேலை முழுக்க மாமி மகன் செய்தது. குர்லாவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் அவருக்கு வேலை. டார்ச்சுக்குள் பேட்டரிக் கட்டையை ஒன்றின் பின் ஒன்றாகப் போடுவதுபோல, ஒரு பிளேட்டின் தலையை மற்றதன் காலில் கட்டி வரிசையாகச் சேர்த்தார். கட்டை கூடினால் டார்ச்சில் வெளிச்சம் கூடும் என்று கல்லியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் எல்லோரும் தலையாட்டினோம். சுவரில் ஓட்டை போட்டு ஒயரை எங்கள் பக்கம் தள்ளி, "பிடி, இழு," என்றார். நான் இழுத்தேன். அவர் விடவில்லை. மறுபடி இழுத்தேன். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அன்று பகல் முழுவதும் நான் அந்தச் சிரிப்பிலேயே இருந்தேன்.

மறுபடி ஒரு பாத்திஹா ஓதி விளக்கைப் போட்டார்கள். மாமா லேபர் கேம்ப் முழுக்க, "என் மவன் கையால சேத்தது," என்று சொல்லிக்கொண்டு நடந்தார். பேட்டரியில் முன்பே இருந்த சார்ஜில் சில நாள் விளக்கு நன்றாக எரிந்தது. அப்புறம் மங்கிற்று. நாளுக்கு நாள் சீக்கிரமாக மங்கிற்று. வீட்டுக்கு ஒரு பல்பு, அதுவும் டாக்ஸிக்குள் எரிகிற சின்ன பல்பு, சோறு தின்று கை கழுவுவதற்குள் அவிந்துவிடும். கூரையில் அவ்வளவு பெரிய பிளேட், பக்கத்தில் இன்னொன்று, சித்திரை வெயில் மாதிரி வெயில். எங்கே போகிறது எல்லாம்?

உம்மாவின் சந்தேகம் ஃபேனில் தொடங்கிப் பல ஊர் சுற்றியது. மாமா எங்கள் வெளிச்சத்தில் ராத்திரி பெல்ட் தைக்கிறார் என்றாள். அடுத்த வீட்டு மலையாளத்தானுக்கு ஒயர் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். பேட்டரியைப் பார்த்துவிட்டு வரும்படி என்னை உப்பு கடன் வாங்க அனுப்பினாள். நான் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் போனது, ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. ஃபேனும் இல்லை, மண்ணும் இல்லை. வந்து சொன்னேன். "நீ வாரது தெரிஞ்சு ஒளிச்சிருப்பாக," என்றாள்.

அந்தப் பக்கம் மாமி என்னைத் தனியே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "உங்க வாப்பா கொண்டுவந்த பிளேட் நல்ல பிளேட்தானாளா? பங்கார்காரன் நல்ல சாமானையா வீட்டுக்குக் கொண்டாருவான்?" என்றாள். சொந்தத் தம்பியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற கூச்சமே இல்லை. எங்கள் பிளேட் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் சொத்தை என்றும், அவர்கள் பிளேட்டின் ரத்தத்தை அது உறிஞ்சுகிறது என்றும் அவள் தீர்மானமாக நம்பினாள். உறிஞ்சுகிறது என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கே அந்தப் பெரிய பிளேட்டைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்து, மிஞ்சிய கறியில் உப்புக்கண்டம் போட்டு மாமி கூரையில் கொடி கட்டிக் காயப்போட்டாள். அதன் நிழல் எங்கள் பிளேட்டில் விழுந்தது. கறியைக் காயப்போட வேறு இடமா இல்லாமல் போனது, வேண்டுமென்றே செய்கிறாள் என்று உம்மா ஒரு கிழிசல் போர்வையை மாமியின் பிளேட்டுக்கு நேராக உலரப்போட்டாள். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டிலும் விளக்கு எரியவே இல்லை. உம்மா அதைப் பார்த்து, "பாத்தியா, அவுக பிளேட்ட மூடுனா நமக்கும் வரல. ஏதோ செஞ்சு வச்சிருக்காக," என்றாள். சுவருக்கு அந்தப் பக்கமும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான் நடந்திருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாளிலிருந்து மாமா ஒரு ஸ்டூலை வாசலில் போட்டு, கூரையைப் பார்த்தபடியே பெல்ட் தைக்க ஆரம்பித்தார். கூரையில் யார் ஏறினாலும், ஏன் ஏறினாய், எதைத் தொட்டாய் என்ற விசாரணை. காக்கை எச்சத்தைத் துடைக்க ஏறிய என்னையே மாமா விட்டுவைக்கவில்லை.

நான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்த ஒரே ஆள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் நான் சிஐடி, இரண்டு பக்கத்துக்கும் நான் எதிராளியின் சிஐடி. கல்யாணத்துக்கு நாள் குறிக்க வேண்டிய பேச்சை யாரும் எடுக்கவில்லை. துணி எடுக்கப் போவோம் என்றிருந்த மாமி, மழை விடட்டும் என்றாள். மழை அப்போது தொடங்கவே இல்லை. ஒரு பல்புக்காக என் கல்யாணம் நின்றுபோகும் என்று தோன்றியதும், நானும் கள்ளனைத் தேடத் தொடங்கினேன். மாமாவைச் சந்தேகப்பட்டேன். வாப்பாவைக்கூட ஒரு நாள் சந்தேகப்பட்டேன். மாமி மகனை மட்டும் நினைக்கவே இல்லை. ஒயர் போட்ட ஆளை எதற்கு நினைப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பாவும் மாமாவும் ஒன்றாகத்தான் நடந்து வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் வாப்பா நின்றார். கல்லியில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், மனசுல வச்சுக்கிட்டே இருக்க முடியல. நீங்க எடுக்கலன்னா திரும்பப் பள்ளிக்கு வாங்க. குர்ஆன் மேல கைய வச்சு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் நம்பிக்கிடுதேன்," என்றார்.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "என்ன சொல்லுதீய மச்சான்? ஒரு பல்பு வெளிச்சத்துக்கு நான் குர்ஆனத் தொடணுமா?"

"எடுக்காத ஆளுக்குத் தொட என்ன பயம்?"

மாமா தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. மாமி தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் மகன் நிலைக்கதவில் சாய்ந்து, கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன். அந்த மரியாதைகூட எனக்குப் பிடித்திருந்தது, அது இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

மாமா உள்ளே போனார், எங்கள் ஒயரைப் பிடுங்கிச் சுவர் ஓட்டை வழியே எங்கள் பக்கம் தள்ளினார், ஓட்டையில் களிமண்ணை அடைத்தார். கூரையில் வாப்பாவே ஏறி எங்கள் பிளேட்டைப் பிரித்தார். கடையிலிருந்து ஒரு பழைய டாக்ஸி பேட்டரியைக் கொண்டுவந்து எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பிளேட், பேட்டரி, பல்பு, அவ்வளவுதான், அதற்கு ரேடியோ ரிப்பேர்க்காரர் தேவைப்படவில்லை. கல்யாணத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

ஆனால் விளக்கு எரிந்தது. இரண்டு மூன்று நாள் வெயில் ஏறியதும் பழைய பேட்டரியிலேயே பொன் மாதிரி எரிந்தது. சோறு தின்று, பாத்திரம் கழுவி, நான் ஒரு கட்டுப் பைக்கு உள்துணி தைத்து முடித்தும் எரிந்தது. "இப்பத் தெரியுதா யாரு எடுத்தான்னு?" என்று உம்மா கல்லிக்கே கேட்கும்படி சொன்னாள். வாப்பாவும் தலையாட்டினார். அவருக்குச் சந்தோஷமாக இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போகும்போது நான் மாமி வீட்டு வாசலைப் பார்த்தேன். அங்கேயும் எரிந்துகொண்டிருந்தது. முன்பைவிட வெகுநேரம். மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம், "சொத்தப் பிளேட்டக் கழட்டுனதும் பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர்கள் எங்களுடையதை எடுத்திருந்தால் இப்போது அவர்களுக்குக் குறைந்திருக்க வேண்டும். நாங்கள் எடுத்திருந்தால் எங்களுக்குக் குறைந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் கூடினால் யார் எடுத்தது? யாருமே எடுக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கல்யாணம் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் குர்லாவுக்குப் போனேன். சோற்றைக் கொடுத்துவிட்டு நேரே ரேடியோ கடைக்கு நடந்தேன். கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். மூச்சு வாங்க, பார்த்ததைச் சொன்னேன்.

"மச்சான், ரெண்டு வீட்லயும் கூடுதலா எரியுதுல்லா? அப்ப யாரும் எடுக்கலலா?"

அவர் சிரித்தார். "நீ கெட்டிக்காரிதான். இத இன்னும் ஒருத்தரும் கவனிக்கல," என்றார். பிறகு மேஜை மேல் ஸ்குரூ டிரைவரால் கோடு போட்டு விளக்கினார். பெரிய பிளேட்டையும் சின்னதையும் வரிசையாகக் கட்டினால், சின்னது எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் பெரியதிலிருந்தும் போகும். சின்னதிலோ பெரியதிலோ நிழல் விழுந்தால் மொத்தமும் படுத்துவிடும். தலையோடு தலை, காலோடு கால் என்று பக்கம் பக்கமாகக் கட்டியிருந்தால் இரண்டின் கரண்டும் கூடியிருக்கும். வாப்பாவின் வெயில் நிஜமாகவே காணாமல்தான் போயிருந்தது. எந்த வீட்டுக்கும் அது போய்ச் சேரவில்லை.

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"போட்ட மறு வாரமே தெரிஞ்சு போச்சு. கடை மீட்டர வச்சுப் பாத்தேன். மாத்திப் போடலாம்னா, அதுக்குள்ள மேல ஏறுனவன்லாம் திருடன்னு ஆயிட்டு. எங்க வாப்பா ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டாரு. நான் எப்படி ஏற?"

"வாயால சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? ஊர் பூரா என் மவன் வேலைன்னு சொல்லிட்டுத் திரியுதாரு. நான் போயி, தப்பாப் போட்டுட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"மாமாவக் குர்ஆன் தொடச் சொன்னாகளே. நீங்க அங்கதான நின்னீய?"

அவர் ஸ்குரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். "இப்ப ரெண்டு வீட்லயும் நல்லாத்தான எரியுது? விடு. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்திருவாக. கல்யாணத்த நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தப்பாக ஒயர் போட்டதை மன்னிக்க எனக்கு ஒரு நொடி போதும். தகப்பனைக் கள்ளன் என்று நாலு பேர் முன்னால் சொல்லும்போது நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் விழுங்க முடியவில்லை. நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் இவர் எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்?

அன்று சாயங்காலமே வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு மெதுவாக, "தகப்பன் மானத்தக் காப்பாத்த அந்தப் பய உனக்குச் சொல்லிக்குடுத்து அனுப்பிருக்கான். நீயும் நம்பிட்டு வந்திருக்க," என்றார். உண்மையைக்கூட அவரால் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொள்ள முடிந்தது.

இரண்டு வீடும் பேச்சில்லாமல் மழைக்காலம் ஓடிற்று. ரபியுல் அவ்வல் பிறந்ததும் மாமிதான் முதலில் வந்தாள். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நீ ஒருத்தன்தானடா," என்று அழுதாள். வாப்பாவும் அழுதார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா, மாமி, மகன் மூன்று பேரும் வந்தார்கள். எல்லாம் ஷைத்தான் செய்த வேலை என்று வாப்பாவும் மாமாவும் ஒத்துக்கொண்டார்கள். பழியை அவன் தலையில் கட்டியதும் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. நாள் குறிக்கும் பேச்சு வந்தது. நான் திரைக்குப் பின்னால் ரோஸ் சர்பத் தட்டோடு நின்றிருந்தேன். எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. இப்போதாவது அவர் வாயைத் திறந்தால் போதும் என்று இருந்தது.

வாப்பாவே அதற்கு வழியும் விட்டார். விளையாட்டாகக் கேட்பதுபோல், "ஏம்ல மருமவனே, நீ ஒயரத் தப்பாப் போட்டதுலதான் எல்லாம்னு என் மவ சொன்னாளே, நெசமா?" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், எல்லோரும் சிரித்திருப்பார்கள். மாமா திரும்பித் தன் மகனின் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மாமா. நான் அப்படி ஒண்ணும் சொல்லலியே. ஒயர்லாம் சரியாத்தான் போட்டேன்," என்றான்.

இந்த இடத்துக்குப் பிறகு அவனை அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் தட்டைத் தரையில் வைத்தேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்," என்றேன். உம்மா என் வாயைப் பொத்த வந்தாள். ஏன் என்று கேட்டார்கள். அவன் குர்லாவில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னேன். அவன் எழுந்து வெளியே போனான். ஒரு ஒயருக்காக எந்தப் பெண்ணாவது மாப்பிள்ளையை வேண்டாம் என்பாளா என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி என்பதுபோல வாப்பா தலையாட்டினார். உம்மா, கடிதம் ஏதாவது விழுமா என்று, என் தையல் பையை எடுத்து உதறிப் பார்த்தாள். மாமி எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "யாருளா அவன்? பேரச் சொல்லு," என்றாள். அத்தனை மாதம் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு வீடும், ஒரே பாயில் உட்கார்ந்து, நான் ஒரு பெயரைச் சொல்வதற்காகக் காத்திருந்தது.